ட்ரையலில் எங்கே தவறுகிறோம்?

காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. பரிசோதகர் வரும்வரை ஒரு வேப்பமரத்தின் கீழ் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் ஏழு பெண்கள். எல்லோரும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் ஊடாக நான் அறிந்தவர்கள். அவர்களில் ஐவர் குடும்பத்தைத் தனித்துக் கொண்டு நடத்துபவர்கள். எதிர்ப்பக்கத்தில் முப்பது பொடியன்கள் மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிலத்தில் சுண்ணாம்பால் ஒரு பெரிய எட்டு கீறப்பட்டிருந்தது.

பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்தது. ஏழு பேரில் மூவர் சித்தி. நால்வர் திரும்பவும் வர வேண்டும். சித்தியடைந்தவர்களில் ஒருத்தி, ஸ்கூட்டியில் ஏறி ஐந்து மாதம் ஆகாத முன்பள்ளி ஆசிரியை. தவறியவர்களில் ஒருவர் எங்கள் பால்கார அக்கா. இருபது வருடத்துக்கு மேலாக மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர். இது அவருக்கு இரண்டாவது தடவை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை. இறங்கும் இடத்தில் மட்டும் சொன்னார்: "செல்லுக்குள்ளால ரெண்டு பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு ஓடினனான் பிள்ளை. இஞ்ச ஒரு எட்டுப் போடேல்லை எண்டு பெயில் விட்டிட்டாங்கள். இனி நான் வரமாட்டன்."

அன்று முழுவதும் எனக்கு மனம் சரியில்லை. அக்காவுக்கு அநியாயம் நடந்துவிட்டதென்றே நானும் நினைத்தேன். அடுத்த வாரம் வேறு அலுவலாக அந்தப் பக்கம் போனபோது பரிசோதகரைக் கண்டு, பணிவாகத்தான் கேட்டேன். அவர் ஞாபகம் வைத்திருந்தார். "எட்டில ஒருக்கால் கால் ஊன்டினவ, அது உண்மை. ஆனால் நான் அவவை விடாததுக்குக் காரணம் அது இல்லை மிஸ். றோட்டில வலப்பக்கம் திரும்பேக்க ஒருக்காலும் பின்னால பாக்கேல்லை. கண்ணாடியும் பாக்கேல்லை, தலையும் திருப்பேல்லை. பின்னுக்கு ஒரு டிப்பர் வந்தது அவவுக்குத் தெரியவே தெரியாது."

இதை நான் அக்காவிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரித்தார். "பாக்கிறதுக்கு என்ன கிடக்கு? சத்தம் கேக்குந்தானே."

அங்கேதான் எனக்கு ஒரு விடயம் வெளித்தது. அன்புச் சகோதரிகளே, இந்தக் கட்டுரை முழுவதும் அக்காவின் அந்த ஒரு வசனத்தைப் பற்றியதுதான்.

காதால் ஓட்டியவர்கள்

வன்னியில் பெண்கள் வாகனம் ஓட்டுவது புதினம் அல்ல. சைக்கிள், மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், ஏன் பாரவாகனம்கூட ஓட்டிய பெண்கள் 2009க்கு முன்னரே எங்கள் மண்ணில் இருந்தார்கள். எரிபொருள் தடை இருந்த தொண்ணூறுகளில் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடும் வித்தையை அறிந்த அம்மாமார் இப்போதும் இருக்கிறார்கள். பால்கார அக்காவும் அப்படி ஒரு அண்ணனின் பழைய மோட்டார் சைக்கிளில்தான் பழகினார். பழகிய இடம் மல்லாவிப் பக்கத்துக் கிறவல் ஒழுங்கைகள்.

அந்த ஒழுங்கைகளில் நாளைக்கு நாலு வாகனம் போனால் பெரிய காரியம். வருகின்ற வாகனம் அரைக் கட்டை தூரத்திலேயே சத்தம் வைக்கும், புழுதி கிளப்பும். கண்ணாடி பார்க்க வேண்டிய தேவை இல்லை. பள்ளமும் கிடங்குமாய் இருந்தபடியால் கண் எப்போதும் முன் சில்லுக்குக் கீழேதான். கிறவலில் குலுங்கிக் குலுங்கிப் பக்கக் கண்ணாடி தளர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பலர் அதைக் கழற்றியே வைத்துவிடுவார்கள். சிலர் நெற்றிப்பொட்டுச் சரிபார்க்க மட்டும் திருப்புவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

இப்போது ஏ9 காப்பெட் வீதி. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போகும் சொகுசு பஸ்கள் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கின்றன. ரயர் உருளும் சத்தம் காற்றோடு போய்விடும். தலைக்கவசம் போட்டால் மிச்சச் சத்தமும் குறையும். நாங்கள் இடப்பக்கமாக ஓட்டுகிறபடியால் முந்துகிற வாகனம் எப்போதும் வலப்பக்கத்தால்தான் வரும்.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்க, அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, எனக்கு வலக் காது கேக்காது." 2009 ஏப்ரலில் பங்கர் வாசலில் விழுந்த செல்லில் போன காது அது. இத்தனை வருடமாக மகளுக்கும் தம்பிக்கும் தவிர யாருக்கும் சொன்னதில்லை. தொலைபேசியை இடக் காதில் மட்டும் வைப்பதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. சமூகவியல் படித்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிற எனக்கு அது ஒரு வெட்கம்.

செல்லடிக்குள் ஓடிய நாளில் பார்க்க வேண்டியது முன்னுக்குத்தான் இருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தவர்கள் நின்றுவிட்டார்கள், நிற்காதவர்கள் தப்பினார்கள். அந்தப் பழக்கம் உயிரைக் காத்தது. அதே பழக்கத்தோடு, கேட்காத காதின் பக்கமாக, இருபது லீற்றர் பால் கானையும் கட்டிக்கொண்டு அக்கா ஏ9இல் வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார், ஒவ்வொரு விடியலிலும். அந்தப் பரிசோதகர் பெயில் விட்டது சரிதான் என்று அன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

எட்டைப் பற்றிய பயம்

எட்டைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். மரத்தடியில் நின்ற ஏழு பேரும் எட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அது ஒரு பழக்க விசயம். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் கோட்டின் மேல்தான் ஏறுவோம். கண் எங்கே போகிறதோ, வண்டி அங்கே போகும். வளைவின் மறுமுனையைப் பார்க்க வேண்டும், முன் சில்லைப் பார்க்கக் கூடாது. வேகம் குறைவென்பதால் விழுந்துவிடுவோம் என்று அக்சிலேற்றரை முற்றாக விட்டுவிடுகிறோம், உடனே வண்டி சாய்கிறது, கால் போகிறது. கியர் இல்லாத ஸ்கூட்டி என்றால் அக்சிலேற்றரைச் சொற்பமாகப் பிடித்தபடி, பின் பிறேக்கை, அதாவது இடக்கைப் பிறேக்கை, மெல்லத் தொட்டுத் தொட்டு வேகத்தைச் சமன் செய்யலாம். வளைவுக்குள் வலக்கைப் பிறேக்கை அமுக்கினால் முன் சில்லு மடங்கி விழுத்திவிடும். தோளை இறுக்கிப் பிடித்தாலும் ஹான்டில் திரும்பாது. மூச்சை விடுங்கள். சிரிக்காதீர்கள், அன்று தவறிய இன்னொரு தங்கை எட்டு முடியும்வரை மூச்சே விடவில்லை என்று பிறகு சொன்னாள்.

உடுப்பும் ஒரு காரணம். சேலைத் தலைப்பும் சுடிதார் சால்வையும் பின் சில்லை நோக்கிப் பறக்கும். அதைப் பிடிக்க ஒரு கை போகும். சால்வையைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு, பின்வார் உள்ள செருப்போ சப்பாத்தோ போட்டுக்கொண்டு போங்கள். தலைக்கவசத்தின் நாடியை இறுக்கும் பட்டி பூட்டாமல் தொங்கவிட்டபடி ஏறினால், வண்டி அசையுமுன்னரே உங்களைப் பற்றிய அபிப்பிராயம் விழுந்துவிடும்.

வீதியில் நடப்பதுதான் பெரிய பகுதி. புறப்படும்போது வலத் தோளுக்கு மேலால் பின்னே பார்க்காமல் கிளம்புவது. சந்தியில் வேகத்தைக் குறைத்து, ஆனால் பார்க்காமல் நுழைவது. வலப்பக்கம் திரும்ப வேண்டியவர், வீதியின் இடது ஓரத்திலேயே கடைசிவரை போய்விட்டு, சடாரென்று குறுக்கே வெட்டுவது. சைக்கிளில் இருந்து வந்த பழக்கம் இது. ஓரத்தில் நின்று, பார்த்து, கடந்து போய்ப் பழகியவர்கள் நாங்கள். மோட்டார் சைக்கிளில் முதலில் கண்ணாடி, பிறகு சிக்னல், பிறகு தோளுக்கு மேலால் ஒரு பார்வை, அதன் பின்னர்தான் வீதியின் நடுப் பக்கமாக அணைவது. சுற்றுவட்டத்தில் வலப்பக்கத்தால் வருகிறவருக்கு வழி விட வேண்டும். இதை எழுத்துப் பரீட்சையின் நாற்பது கேள்விகளில் சரியாக எழுதியவர்களே வீதியில் மறந்துவிடுகிறார்கள்.

ரயில் கடவையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளிநொச்சிக்கு ரயில் நின்றது 1990இல். திரும்பி வந்தது 2013 செப்டெம்பரில். இடையில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்குத் தண்டவாளம் என்பது பங்கருக்குக் குறுக்கே போட்ட இரும்பும், சிலிப்பர் கட்டையும்தான். அதில் ரயில் வரும் என்று உடம்பு நம்புவதில்லை. கடவையில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பது ட்ரையலுக்காக மட்டும் செய்கிற வேலை அல்ல. எங்கள் பகுதியில் கடவைகளில் போன உயிர்கள் உங்களுக்கே தெரியும்.

ஓட்டோவும் காரும் பழகுபவர்களுக்கு வேறு ஒரு சங்கடம். ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் திரும்ப எடுப்பது. வன்னியில் ஏற்றத்துக்கு எங்கே போவது! ஒரு தங்கைக்கு நான் சொன்ன வழி, குளக்கட்டுக்கு ஏறும் பாதை. மாட்டு வண்டிகளும் உழவு இயந்திரமும் இல்லாத பின்னேர வேளையில் அங்கே போய், கைப்பிறேக்கை இழுத்து, கிளச்சைப் பாதி விட்டு, வண்டி முன்னே இழுக்கத் துடிப்பதை உணர்ந்த பிறகு கைப்பிறேக்கை விட வேண்டும். பத்துத் தரம் செய்தால் காலுக்குத் தெரிந்துவிடும்.

நான் தவறிய விதம்

2016இல் எனக்கு வேலை கிடைத்த நிறுவனம் களப்பணிக்கென்று ஒரு ஸ்கூட்டி தருவதாகச் சொன்னது. ஒரு நிபந்தனை, ஆறு மாதத்துக்குள் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். நான் எட்டை அழகாகப் போட்டேன். பொடியன்கள் கைதட்டினார்கள்கூட. வீதியில் இடப்பக்கம் திரும்பச் சொன்னார்கள், சிக்னல் போட்டுத் திரும்பினேன். அந்தச் சிக்னலை நிறுத்தவில்லை. காரில் ஸ்ரேறிங் நேராகும்போது சிக்னல் தானாக விழுந்துவிடும், ஸ்கூட்டியில் விரலால்தான் அணைக்க வேண்டும். இடது சிக்னல் மின்னியபடியே நான் நேரே போய்க்கொண்டிருந்தேன். முன்னால் இருந்த ஒழுங்கையில் இருந்து ஒரு சைக்கிள்காரர், நான் அந்த ஒழுங்கைக்குள் திரும்பப் போகிறேன் என்று நம்பி வெளியே வந்தார். நான் அவசரமாகப் பிறேக் பிடித்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அன்று பெயில்.

பட்டதாரி, சமூகத்துக்கு ஆலோசனை சொல்கிறவள், ட்ரையலில் தவறிவிட்டாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு வாரம் அலுவலகத்தில் சொல்லவில்லை. திகதி தள்ளிப்போய்விட்டது என்று பொய் சொன்னேன். இரண்டாம் தரம் போகும்போது வலப் பெருவிரலில் ஒரு நூல் கட்டிக்கொண்டு போனேன், சிக்னலை அணைக்க மறக்காமல் இருக்க. பொத்தான் இடப்பக்கத்தில் இருந்தது. அப்படியும் எப்படியோ சித்தியடைந்துவிட்டேன்.

என் சித்தியின் மகள் லண்டனில் மூன்று தரம் தவறி நாலாம் தரம் எடுத்தாள். அங்கே வீதிப் பரீட்சையில் பதினைந்து சிறு பிழைவரை மன்னிப்பார்கள், ஆனால் பாரதூரமான பிழை ஒன்று விட்டாலே போதும், சித்தியில்லை. அரசாங்கமே எந்தப் பிழைகளால் ஆட்கள் தவறுகிறார்கள் என்று பட்டியல் வெளியிடுகிறது. சந்தியில் சரியாகப் பார்க்காமை, திசை மாறும்போது கண்ணாடி பார்க்காமை, பாதுகாப்பாகப் புறப்படாமை, வலப்பக்கம் திரும்ப நிற்கிற இடம் பிழைத்தல் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அங்கேயும் பரீட்சைக்குப் போகிறவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் தவறத்தான் செய்கிறார்கள். ஆக, மல்லாவியில் பழகியதால் மட்டும் அக்காவுக்கு இந்தப் பிழை வரவில்லை. ஆனால் லண்டனில் தவறினால் யாரும் தண்ணி அள்ளுற இடத்தில் கதைக்கமாட்டார்கள்.

பெயர் கூப்பிடும்போது

இன்னொரு காரணம் எந்தப் பயிற்சிப் பாடசாலையிலும் சொல்லித் தருவதில்லை. நான் மரத்தடியில் நின்று கண்டது.

ஒருவர் கோப்பைத் திறந்து, முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் உரத்துக் கூப்பிடுவார். பெண்கள் வரிசையில் நிற்பார்கள். ஆண்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்களில் பலருக்கு அந்தக் காட்சி முன்னரே பழக்கம். ஓமந்தையிலும் செட்டிகுளத்து முகாம்களிலும் அப்படித்தான் நின்றோம். அப்போது பெயர் கூப்பிடப்பட்டபின் வேறு பக்கம் அனுப்பப்பட்டவர்களில் திரும்பாதவர்களும் உண்டு. அறிவுக்குத் தெரியும், இது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்து ஆள், கையில் இருப்பது புள்ளித்தாள் என்று. கை அதைக் கேட்காது. அன்று ஒரு தங்கையின் கை அப்படி நடுங்கி, சாவி துவாரத்துக்குள் போகவில்லை.

இதற்கு என்னிடம் பெரிய மருந்து இல்லை. நான் செய்வது இரண்டு. ஒன்று, ட்ரையலுக்கு ஒரு வாரம் முன்னர் ஒருநாள் அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய், மற்றவர்களுக்கு நடப்பதை ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து பார்க்கச் செய்வது. மற்றது, சங்கத்துக் கூட்டத்தில் அவர்களுடைய பெயரை அதே மாதிரி முழுதாக, இலக்கத்தோடு, நானே உரத்துக் கூப்பிடுவது. முதலில் சிரிப்பார்கள். ஒருத்தி அழுதாள். அவளுக்குப் பிறகு நான் தனியாகத்தான் கூப்பிட்டேன்.

காயம்பட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. கழுத்திலோ தோளிலோ சன்னம், செல் துண்டு இருந்து தலை முழுதாகத் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். திருப்ப முடியாததைப் பரிசோதகர் திருப்பவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். அதை மறைக்க வேண்டாம். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மருத்துவச் சான்றிதழ் எடுக்கும்போதே வைத்தியரிடம் சொல்லுங்கள், காது கேளாமையையும் சேர்த்து. ட்ரையல் அன்று ஏறுவதற்கு முன்னர் பரிசோதகரிடமும் ஒரு வசனம். கழுத்துத் திரும்பாவிட்டால் இடுப்பில் இருந்து திரும்பப் பழகலாம். அகலமான கண்ணாடி போடலாம். சொன்னால் தரமாட்டார்கள் என்ற பயத்தில்தான் பால்கார அக்கா இவ்வளவு காலமும் ஒளித்தார்.

பயிற்சிப் பாடசாலைகளைப் பற்றியும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சிலர் அந்தச் சுண்ணாம்பு எட்டை மட்டும் ஓடப் பழக்கிவிட்டு, வீதிக்கே கொண்டுபோகாமல் பரீட்சைக்கு அனுப்புகிறார்கள். "அங்க நாங்கள் கதைச்சிருக்கு, பயப்பிடாதேங்கோ" என்று மேலதிகமாகக் காசு கேட்பவர்களும் இல்லாமல் இல்லை. கொடுக்காதீர்கள். காசுக்குக் கிடைக்கிற அட்டை டிப்பருக்குத் தெரியாது. வீட்டில் அண்ணன் தம்பி பழக்கினால் அது வேறு கூத்து. பின்னால் இருந்து சத்தம் போட்டே பிள்ளையைப் பயப்படுத்திவிடுவார்கள். பெண் பயிற்றுநர்கள் எங்கள் பக்கம் மிகக் குறைவு. அனுமதிப்பத்திரம் எடுத்து அனுபவம் உள்ள சகோதரிகள் யாராவது அந்தத் தொழிலை யோசித்தால் நல்லது.

மூன்றாவது திகதி

அக்கா வரமாட்டேன் என்று இரண்டு மாதம் பிடிவாதம். ஊரில் கதை வேறு. "பால்காரி ரெண்டு தரம் பெயிலாம்." நான் அவருக்குக் கொரியாவில் ஒரு அம்மாவின் கதையைச் சொன்னேன். சா சா-சூன் என்று பெயர். மரக்கறி விற்கிறவர், அறுபத்தொன்பது வயது. எழுத்துப் பரீட்சையில் மட்டும் தொள்ளாயிரம் தடவைக்கு மேல் தவறி, எல்லாமாக 960ஆவது முயற்சியில் 2010இல் அனுமதிப்பத்திரம் எடுத்தார். ஒரு கார்க் கம்பனி அவருக்குக் காரும் கொடுத்தது. அக்கா கேட்டுவிட்டுச் சொன்னார், "அவவுக்கு ட்ரையலுக்குக் கட்டக் காசு இருந்திருக்கு." அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவரை அசைத்தது வேறு. வண்டி லீசிங்கில் எடுத்தது. பாலை நேரத்துக்குச் சேர்க்காவிட்டால் திரும்பிவிடும், பால் திரும்பினால் தவணை இல்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் கானைச் சைக்கிளில் கட்டி உழக்கிய நாட்களில் எத்தனை தரம் பால் திரிந்தது என்று அவருக்குத் தெரியும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடிப் பொலிஸில் ஒருதரம் அகப்பட்டு நீதிமன்றமும் போய்வந்தாயிற்று. விபத்து ஏதும் நேர்ந்தால் அனுமதிப்பத்திரம் இல்லாத சாரதிக்குக் காப்புறுதிக் கம்பனி நட்டஈடு மறுக்கலாம் என்று நான் சொன்னபோது அவர் அசையவில்லை. மகள்தான் சொன்னாள், "அம்மா, உங்களுக்கு அந்தப் பக்கம் கேக்காதெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் வரும்வரைக்கும் நான் படலையிலதான் நிக்கிறனான்." ஏ.எல். படிக்கிற பிள்ளை. விடியக்காலையில் புத்தகத்தோடு படலையில் நிற்பதை அக்கா இத்தனை நாளும் படிப்பு என்று நினைத்திருந்தார்.

எழுத்துப் பரீட்சை முடித்தவருக்குக் கிடைக்கும் பயிலுநர் அனுமதிப்பத்திரம் பதினெட்டு மாதம் செல்லும். அக்காவுக்கு அதில் ஐந்து மாதமே மிச்சம். அதனால் உடனே தொடங்கினோம். பள்ளிக்கூட மைதானத்தில் செங்கல் வைத்து எட்டு. பிறகு வீதி. நான் பின்னால் என் ஸ்கூட்டியில். அவருக்கு நான் வைத்த விதி ஒன்று: கண்ணாடியில் காண்பதை எல்லாம் வாயால் சொல்ல வேண்டும், எனக்குக் கேட்கும்படி. முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை, வெட்கம். மூன்றாம் நாள் அவர் ஏ9 ஓரத்தில் கத்திக்கொண்டு போவதைப் பார்த்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். "பின்னால ஒரு லான்ட்மாஸ்டர்! வலப்பக்கம் பஸ் வருது, இன்னும் தூரம்! பஸ் கிட்ட வந்திட்டுது! இடப்பக்கம் மாடு ரெண்டு! நெல்லுக் காயப்போட்டிருக்கு!" பத்தாம் நாள் அவரே வண்டியை ஓரங்கட்டி நிறுத்திக் கேட்டார், "இவ்வளவு வாகனமும் முந்தியும் பின்னால வந்தனவோ பிள்ளை?"

அவருடைய முன்னைய இரண்டு ட்ரையலும் பாடசாலையின் ஸ்கூட்டியில். பழக்கமில்லாத வண்டி, பிறேக் வேறு மாதிரி. இம்முறை தன் வண்டியையே கொண்டுபோகப் போகிறார். தம்பி ஓட்டிக்கொண்டு வருவான். எல் போட் இரண்டும் முன்னும் பின்னும் புதிதாய்க் கட்டியாயிற்று. லைற், ஹோர்ன், இரண்டு சிக்னலும் பார்த்தாயிற்று.

வருகிற புதன்கிழமை திகதி. நேற்றுப் பின்னேரம் போனபோது அக்கா முற்றத்தில் வண்டியின் பக்கத்தில் குந்தியிருந்து வலக் கண்ணாடியின் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். கிறவலில் ஐந்து கட்டை போவதற்குள் தளர்ந்துவிடுகிறதாம். 14ஆம் இலக்கச் சாவி ஒன்றைச் சீலைத் துண்டில் சுற்றி இருக்கைக்குக் கீழே வைத்திருக்கிறார், காப்பெட் வீதியில் ஏறுமுன் நிறுத்தி ஒருதரம் இறுக்க.